படங்கள் படும் பாடு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. இக்காலத்திலோ சுவர் இருக்கிறது. சித்திரந்தான் காணாமற் போகிறது! இணையத்தில் அரும்பாடுபட்டுத் தட்டச்சு செய்து, படங்களை உரிய இடங்களில் அமைத்து, அதனைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி எடுத்துப் பார்க்கிறோம். ஒரு படம் மங்கிக் கிடக்கிறது. இன்னொன்று பாதி வெட்டுண்டு நிற்கிறது. மூன்றாவது படம் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் ஒன்று நம்மைப் பார்த்து விழிக்கிறது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் இக்குறையைச் சொல்லி வருந்தாத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே எனலாம்.

‘படந்தானே, போனால் போகட்டும்’ என்று சிலர் எண்ணலாம். கதைப் புத்தகத்தில் படம் அணிகலன். ஆய்வேட்டில் அஃது அணிகலன் அன்று, சான்று. வரலாறு படிப்பவனுக்குக் கல்வெட்டின் படமும், தாவரவியல் படிப்பவனுக்கு இலையின் குறுக்குவெட்டுத் தோற்றமும், பொருளியல் படிப்பவனுக்கு வரைபடமும் வழக்காடு மன்றத்துச் சாட்சியைப் போன்றவை. சாட்சி வாய் திறவாவிட்டால் வழக்கு என்னாவது? ஆகவே இக்குறைகள் ஏன் தோன்றுகின்றன, அவற்றைப் போக்குவது எப்படி என்பனவற்றைத் துறையின் கணினி அறையில் தோழர்கள் பலரின் ஏடுகளைத் திறந்து பார்த்துப் பழகியவன் என்ற முறையில் இங்கு எழுத முற்படுகிறேன்.

இரு வேறு உலகங்கள்

முதலில் இணைய ஆவணமும் பி.டி.எஃப். கோப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறிந்து கொள்ளவேண்டும்.

இணைய ஆவணம் ஓடுகின்ற ஆறு போன்றது. திரை அகலமானால் வரிகள் அகலும். திரை குறுகினால் வரிகள் மடியும். அதிலுள்ள எழுத்து ஓரிடத்திலும், படம் வேறோரிடத்திலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். நாம் பக்கத்தைத் திறக்கும்போதுதான் அவை ஒன்று கூடி நம் கண்முன் வருகின்றன.

பி.டி.எஃப். அப்படிப்பட்டது அன்று. அஃது அச்சேறிய தாளைப் போல உறைந்த வடிவம். அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக், எந்தக் கணினியிலும் ஒரே தோற்றத்துடன் திறக்கும் ஆவணம் ஒன்று வேண்டும் என்று எண்ணி 1991-இல் ‘கேம்லாட்’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். அதன் விளைவாக 1993-இல் பி.டி.எஃப். வெளிவந்தது. 2008-இல் அது பன்னாட்டுத் தர நிறுவனத்தின் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. எழுத்துரு, படம், பக்க அளவு ஆகிய அனைத்தையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செல்வது இதன் சிறப்பு.

ஆக, இணைய ஆவணத்தைப் பி.டி.எஃப். ஆக்குவது என்பது வீடு மாற்றுவதைப் போன்றது. வண்டியில் ஏற்றிய பண்டங்கள் புது வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்து வைத்த அண்டா வராது. ஏற்றும்போது அவசரப்பட்டால் சில உடையும். சில இடம் மாறும். படங்களுக்கு நேரும் கேடுகள் யாவும் இந்த மூன்று வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இனி அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. படம் காணாமற் போதல்

முதற் காரணம், படம் வந்து சேருமுன்பே நாம் ஏற்றுமதி செய்துவிடுவது. பல இணையப் பக்கங்கள் எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் இறக்குவதில்லை. நாம் கீழே நகர்த்திச் செல்லச் செல்லத்தான் அடுத்தடுத்த படங்கள் வரவழைக்கப்படுகின்றன. தரவுச் செலவு குறையவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பக்கத்தின் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் ‘பிரின்ட்’ கட்டளையைக் கொடுத்தால், இன்னும் வராத படங்களின் இடம் வெறுமையாகவே பதிவாகும். எனவே முதலில் பக்கத்தின் அடி வரை மெதுவாக நகர்த்திச் செல்லுங்கள். எல்லாப் படங்களும் தெளிவாகத் தோன்றியபின் மேலே வந்து அச்சுக் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக ‘சேவ் அஸ் பி.டி.எஃப்.’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைய வேகம் குறைந்த இடங்களில் இந்தப் பொறுமை இன்றியமையாதது.

இரண்டாம் காரணம், படம் நம் ஆவணத்தில் இல்லாமல் அதன் முகவரி மட்டும் இருப்பது. இதுவே நான் சொன்ன இரவல் அண்டா. லிப்ரே ஆபீஸ் போன்ற செயலிகளில் படத்தைச் சேர்க்கும்போது ‘லிங்க்’ என்னும் குறியைத் தேர்ந்திருந்தால் படம் கோப்புக்குள் வராது. அது முன்பிருந்த இடத்தின் பெயரே வரும். கோப்பை விரலியில் ஏற்றி வேறு கணினிக்குக் கொண்டு போனதும் படம் மறைந்துவிடும். அவ்வாறே, கடவுச்சொல் கேட்கும் தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய படமும் சில வேளைகளில் வெற்றுக் கட்டமாக மாறும். இதற்கு மருந்து ஒன்றே: படத்தை முதலில் நம் கணினியிலோ கைப்பேசியிலோ சேமித்துக்கொண்டு, ‘இன்சர்ட்’ பட்டியின் வழியாக உள்ளே சேர்த்தல். ஒட்டுவதை விடச் சேர்ப்பது நன்று.

மூன்றாம் காரணம், படம் பின்னணியாக அமைந்திருப்பது. இணைய உலாவிகள் அச்சு மை வீணாகக்கூடாது என்று கருதிப் பின்னணி நிறங்களையும் பின்னணிப் படங்களையும் வழக்கமாக விட்டுவிடும். அச்சுப் பெட்டியில் ‘மோர் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்தால் ‘பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ்’ என்னும் கட்டம் தெரியும். அதில் குறியிட்டால் விடுபட்டவை வந்து சேரும்.

நான்காம் காரணம், படத்தின் வடிவம். ஐஃபோன் கைப்பேசிகள் 2017 முதல் ‘ஹெச்.இ.ஐ.சி.’ என்னும் வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. இணையத்தில் ‘வெப்பி’ என்னும் வடிவம் மிகுதியாக வழங்குகிறது. எல்லாச் செயலிகளும் இவற்றை ஏற்பதில்லை. ஜேபெக் அல்லது பி.என்.ஜி. வடிவத்துக்கு மாற்றிய பின்னர்ச் சேர்த்தால் இத்தொல்லை தீரும்.

2. படம் மங்குதல்

எல்லாக் குறைகளிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதனைப் புரிந்துகொள்ள நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கணினியில் உள்ள படமும் புள்ளிகளால் ஆனதுதான். அப்புள்ளியைப் பிக்சல் என்பர். இருபது புள்ளிக் கோலத்தைச் சிறு வாசலில் இட்டால் நெருக்கமாக அழகாக இருக்கும். அதே இருபது புள்ளிகளைத் தேர் நிற்கும் வீதி முழுதும் பரப்பினால் கோலமா தெரியும்? புள்ளிகள்தாம் தெரியும். படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது நாம் செய்வது இதுவே. புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, இடைவெளியே கூடுகிறது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. படத்தின் அகலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைத் தாளில் அது பிடிக்கும் அங்குலத்தால் வகுக்கவேண்டும். வருவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்னும் அடர்த்தி. நல்ல அச்சுக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கம். 200 இருந்தாலும் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் போதும். 100-க்கு அருகில் வந்தால் மங்கல் கண்ணுக்குத் தெரியும்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 8.27 அங்குலம். இருபுறமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் மிஞ்சுவது சுமார் 6.27 அங்குலம். 4000 புள்ளி அகலமுள்ள கைப்பேசிப் படத்தை 6 அங்குலத்துக்கு அமைத்தால் அடர்த்தி 666. தேவைக்கு மேலேயே உள்ளது. 720 புள்ளி அகலமுள்ள திரைப்பிடிப்பை அதே 6 அங்குலத்துக்கு இழுத்தால் அடர்த்தி 120 தான். அதனையே 3 அங்குலத்துக்குச் சுருக்கி வைத்தால் 240 ஆகிறது, படம் தெளிவடைகிறது. செலவில்லாத வைத்தியம் இது!

அடுத்து, புள்ளிகள் எங்கே தொலைகின்றன என்று பார்ப்போம். பெரும்பாலும் அவை ஆவணத்துக்குள் வருமுன்பே தொலைந்துவிடுகின்றன. வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது சுருக்கப்பட்டே செல்லும். அதனையே ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் மூலம் அப்படியே போய்ச் சேரும். கூட்டாக ஏடு எழுதுவோர் இந்த ஒரு வழியை மறவாமல் கடைப்பிடித்தால் பாதித் தொல்லை நீங்கும்.

இதனால் விளையும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் ஊர் ஏரிக்கரையில் நின்ற வட்டெழுத்து நடுகல் ஒன்றைப் பற்றி ஏடு எழுதினாள். சாலையை அகலப்படுத்திய பிறகு அந்தக் கல் அவ்விடத்தில் இல்லை. எங்கே போயிற்று என்று ஊராரில் எவரும் சொல்லவில்லை. எஞ்சியது கைப்பேசிப் படம் மட்டுமே. அதுவும் மூன்று நான்கு பேர் கைமாறிச் செய்திச் செயலி வழியே வந்த படம். பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ ஆகிய எழுத்துகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். சிறு வளைவுதான் வேறுபாடு. பி.டி.எஃப். ஏட்டைத் திறந்த எங்கள் பேராசிரியர், “அம்மா, இந்த எழுத்து எதுவென்று நீயே சொல்; எனக்குக் கறைதான் தெரிகிறது” என்றார். நல்வினையாக அவளுடைய அண்ணனின் பழைய கைப்பேசியில் மூலப்படம் அழிக்கப்படாமல் இருந்தது. அதனை ஆவணமாக அனுப்பச் செய்து, முழு அகலத்தில் வைத்து, மறுபடியும் பி.டி.எஃப். ஆக்கினோம். மேலிரண்டு வரிகள் தெளிந்தன. மூன்றாம் வரி கல்லிலேயே தேய்ந்திருந்ததால் அதை ஒன்றும் செய்ய இயலவில்லை. கல் தேய்ந்தது காலத்தின் செயல். படமும் உடன் தேயவேண்டிய கட்டாயம் இல்லை அல்லவா?

புள்ளிகள் தொலையும் மற்றோர் இடம் ஏற்றுமதிப் பெட்டி. கோப்பின் எடையைக் குறைப்பதற்காகச் செயலிகள் தாமாகவே படங்களைச் சுருக்குவதுண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று சென்றால் ‘இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி’ என்னும் பகுதி உள்ளது. அங்கே படங்களைச் சுருக்கவேண்டாம் என்னும் கட்டத்தில் குறியிடலாம். பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது ‘மினிமம் சைஸ்’ என்பதை விடுத்து ‘ஸ்டாண்டர்டு’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். லிப்ரே ஆபீஸில் ‘எக்ஸ்போர்ட் அஸ் பி.டி.எஃப்.’ பெட்டியில் ‘லாஸ்லெஸ்’ என்னும் இழப்பற்ற முறையைத் தேர்ந்து, படத்தின் அடர்த்தியைக் குறைக்கும் கட்டத்தில் குறியை எடுத்துவிடலாம். அல்லது அதில் 300 என்று அமைக்கலாம்.

3. படம் இடம் மாறுதலும் வெட்டுப்படுதலும்

‘படம் 4-ஐக் காண்க’ என்று எழுதியிருப்போம். படம் 4 அடுத்த பக்கத்தில் வேறொரு தலைப்பின்கீழ்ப் போய் உட்கார்ந்திருக்கும். எழுத்தின்மேல் மிதக்கும்படியோ, எழுத்து சுற்றிச் செல்லும்படியோ படத்தை அமைப்பதால் வரும் விளைவு இது. கூகுள் டாக்ஸில் படத்தைத் தொட்டால் அதன் கீழே தோன்றும் சிறு குறிகளில் ‘இன் லைன்’ என்பதைத் தேர்ந்தால் படம் ஒரு பெரிய எழுத்தைப் போல வரியோடு வரியாக நின்றுவிடும். வேர்டு செயலியிலும் இவ்வசதி உண்டு. படமும் அதன் விளக்க வரியும் பிரியாதிருக்க வேண்டுமானால், ஒரே கட்டம் கொண்ட அட்டவணை ஒன்றை அமைத்து இரண்டையும் அதனுள் வைத்துக் கோடுகளை மறைத்துவிடலாம். அக்கட்டம் பக்கங்களுக்கிடையே பிளவுபடாதவாறும் அமைத்துக் கொள்ளவேண்டும்.

வெட்டுப்படுவதற்கு முதன்மையான காரணம் தாளின் அளவு. அமெரிக்க நாட்டு வழக்கமான ‘லெட்டர்’ தாள் 216-க்கு 279 மில்லிமீட்டர். நாம் வழங்கும் ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். முன்னது அகலம் கூடியது. பின்னது உயரம் கூடியது. ஒன்றுக்கென அமைத்ததை மற்றொன்றில் அச்சிட்டால் ஓரம் போகும், பக்கமும் புரளும். ஆதலால் எழுதத் தொடங்கும் முன்பே ‘பேஜ் செட்டப்’ பகுதியில் ஏ4 என்று அமைத்துவிடுங்கள். கூகுள் டாக்ஸில் ‘பேஜ்லெஸ்’ என்னும் பக்கமில்லா முறையும் உண்டு. திரையில் படிப்பதற்கு அது வசதியானது. அச்சுக்கு உரியது அன்று. அகன்ற படங்களும் அட்டவணைகளும் உள்ள ஏட்டைப் பக்க முறைக்கு மாற்றி, எல்லாம் ஓரத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே பி.டி.எஃப். எடுக்கவேண்டும்.

4. கோணலும் கறுப்பும்

சில படங்கள் ஆவணத்தில் நேராகத் தோன்றிப் பி.டி.எஃப். கோப்பில் பக்கவாட்டில் படுத்துவிடும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் கிடத்திப் பிடித்தாலும் உள்ளிருக்கும் உணர்வி ஒரே வாக்கில்தான் படத்தைப் பதிகிறது. ‘இதனை இத்தனை பாகை திருப்பிக் காட்டுக’ என்னும் குறிப்பு ஒன்று படத்தோடு சேர்த்து எழுதப்படுகிறது. அக்குறிப்பைப் படிக்கும் செயலி நேராகக் காட்டும்; படிக்காத செயலி கோணலாகக் காட்டும். படத்தைத் திருத்தும் செயலியில் திறந்து, திருப்பி, புதிய பெயரில் சேமித்துச் சேர்த்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

கல்லூரி முத்திரை போன்ற, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படங்கள் சில நேரங்களில் கறுப்புக் கட்டமாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். பி.என்.ஜி. வடிவம் ஒளி ஊடுருவும் பகுதிகளை ஏற்கும், ஜேபெக் ஏற்காது. மாற்றும்போது ஊடுருவும் பகுதிக்கு என்ன நிறம் என்று தெரியாத செயலி கறுப்பைப் பூசிவிடுகிறது. காப்பகத்துக்கு என வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ-1 என்னும் வகையும் ஊடுருவும் பகுதிகளை அனுமதிப்பதில்லை. முத்திரைக்குப் பின்னால் வெள்ளை நிறத்தை நாமே நிரப்பிச் சேமித்துவிட்டால் இக்கவலை இல்லை.

5. கோப்பு பெருத்தல்

தெளிவு வேண்டும் என்று எல்லாப் படங்களையும் முழு அளவில் சேர்த்தால் கோப்பு பெருத்துவிடும். பதிவேற்றும் தளம் ஏற்காது. மின்னஞ்சலும் திருப்பி அனுப்பும். இங்குதான் எதற்கு எது என்னும் அறிவு தேவைப்படுகிறது. ஒளிப்படத்துக்கு ஜேபெக் உகந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பகுத்து, கண் அதிகம் உணராத நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சுருக்குகிறது. ஆனால் கோடும் எழுத்தும் உள்ள வரைபடத்தை ஜேபெக் ஆக்கினால் கோடுகளைச் சுற்றி எறும்பு மொய்த்தாற்போல் அழுக்குப் படியும். அவற்றுக்குப் பி.என்.ஜி. ஏற்றது. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் சிறிது சிறிதாகத் தரம் இழக்கும் என்பதையும் மனத்திற்கொள்க.

படத்தை ஆவணத்துக்குள் வெட்டினாலும் வெட்டிய பகுதி மறைந்திருக்குமேயன்றி நீங்கியிராது. வேர்டு செயலியில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ பெட்டியில் வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டளை உண்டு. இது எடைக்காக மட்டும் அன்று. சான்றிதழின் படத்தில் ஆதார் எண்ணை வெட்டி மறைத்துவிட்டோம் என்று நம்பி வேர்டு கோப்பையே பிறருக்கு அனுப்பினால், அதனைப் பெறுபவர் மறைந்த பகுதியை மீட்டுப் பார்க்க இயலும். எனவே முன்னரே வெளியில் வெட்டிச் சேமித்த படத்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

காணாதவர்க்கும் ஒரு சொல்

படம் தெளிவாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. பார்வையற்ற மாணவர் பலர் அரசு கலைக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்கள் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் கோப்புகளைக் காதால் படிக்கின்றனர். படம் வரும் இடத்தில் அம்மென்பொருள் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். படத்தின்மீது வலப்புறம் சொடுக்கி ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்பதைத் திறந்து, ‘வில்லேந்திய வீரன் இடப்புறம் நோக்கி நிற்கும் நடுகல், தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர்களும் அப்படத்தைக் காண்பார்கள். லிப்ரே ஆபீஸில் ஏற்றுமதி செய்யும்போது ‘டேக்டு பி.டி.எஃப்.’ என்னும் கட்டத்தில் குறியிடவேண்டும். இல்லையேல் அவ்வரி கோப்பைப் படிப்பவரைச் சென்றடையாமற் போகலாம். அரை நிமிட வேலை. அவர்களுக்கு அஃது ஒரு படத்தின் முழுப்பொருள்.

சரிபார்க்கும் முறை

இறுதியாக, ஏட்டை ஒப்படைக்கும் முன் நான் கையாளும் முறையைச் சொல்லிவிடுகிறேன். படங்களின் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு, பி.டி.எஃப். கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணிக் குறியிடுவேன். ஒவ்வொரு படத்தையும் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன். படத்துக்குள் எழுத்து இருந்தால் 400 விழுக்காடு. பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியில் கோப்பைத் திறப்பேன். அங்கும் எல்லாப் படங்களும் தெரிந்தால் அவை இரவல் அல்ல, கோப்புக்குச் சொந்தம் என்பது உறுதி. கடைசியாக, படம் மிகுந்த ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பேன். கணினி மையத்தில் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் காசு, எண்பது பக்கத்தை மறுபடியும் அச்சிடும் செலவைத் தடுக்கும். வண்ணப் பக்கத்துக்குப் பணம் கொடுக்கும் நம் போன்றோர்க்கு இது சிறு தொகை அன்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மூலப்படங்களை அழிக்காதீர்கள். ஏடு முடிந்த பின்னும் ஒரு தனி அடைவில் இடம், நாள் ஆகிய குறிப்புகளுடன் வைத்திருங்கள். பி.டி.எஃப். கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக ஆக்கலாம். தொலைந்த புள்ளிகளை எந்தச் செயலியாலும் உண்மையாக மீட்டுத் தர இயலாது. ஊகித்து நிரப்ப மட்டுமே இயலும். ஊகம் சான்றாகாது என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் நமக்குக் கற்பித்த முதற்பாடம்.

நாம் எடுக்கும் படங்களில் சில, நாளை அப்பொருளே இல்லாதபோது அதன் ஒரே சாட்சியாக நிற்கக்கூடும். அச்சாட்சியைக் குறையின்றி அடுத்தவர் கையில் ஒப்படைப்பது படிப்பவர் கடமை. ஏட்டை முடித்துப் பொத்தானை அழுத்துமுன் ஒரு பத்து நிமிடம் செலவிடுவோம். எழுத்தோடு சித்திரமும் சிதையாமல் சென்று சேரச் செய்வோம்!